ஒரு லைனை எட்டுப் பேர் குழுவாக மாற்றுவது எப்படி? பனியன் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் தையல் ஹாலுக்குள் மதியம் மூன்று மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஓவர்லாக் மெஷினில் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைப்பது) இருக்கும் டெய்லர் ஒருவரின் காலடியில் பண்டல், அதாவது கட்டுக் கட்டாக வெட்டின துணி, மலையாகக் கிடக்கும். இரண்டு மெஷின் தள்ளி சிங்கரில் (ஒற்றை ஊசி நேர்த்தையல் மெஷின்) இருப்பவர் வேலை வராமல் நூல் பிசிறு கத்தரித்துக்கொண்டிருப்பார். நடுவில் சூப்பர்வைசர் ஓடிக்கொண்டிருப்பார். ஹால் கடைசியில், செக்கிங் டேபிளுக்குக் கீழே, நேற்றுத் தைத்து, குறையால் திருத்தத்துக்கு ஒதுக்கிய ஆல்ட்ரேஷன் பீஸ் மூட்டையாகக் கட்டிக் கிடக்கும்.

ஆள் சோம்பேறி என்பதால் இப்படி ஆவதில்லை. ஒருவருக்கு ஒரே ஆபரேஷன் (கை ஏற்றுவது, லேபிள் வைப்பது போல ஒரு தையல் வேலை), ஒரே மெஷின், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்துவிட்டால் பக்கத்து மெஷினில் என்ன நடக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை, காரணம் இல்லை, உரிமையும் இல்லை. எட்டுப் பேர் சேர்ந்து முழுப் பீஸையும் தைத்து முடிக்கும் குழு முறை என்றால் இந்த மூன்றையும் கொடுப்பது. நேரம் மெஷின் போடும் இடத்திலிருந்து வரும், காரணம் கூலிக் கணக்கிலிருந்து வரும், உரிமை எழுதி ஒட்டிய ஒரு பட்டியலிலிருந்து வரும். ஒன்றைக் கொடுத்து மற்றதை விட்டால் வேலைக்கு ஆகாது. சுவரில் 'ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு' என்று எழுதி மாட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கீழே வருவது 30 முதல் 150 மெஷின் வரை உள்ள தையல் பிரிவுக்கானது. டெய்லர்கள் கம்பெனியின் நேரடி ஆட்களாக இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் ஆட்களை வைத்து ஓட்டுபவர்கள் முதலில் ஒரு குழுவுக்கான எட்டுப் பேரையாவது நேரடிச் சம்பளத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்டர் கமிஷன் எடுக்கும் இடத்தில், டெய்லர் மெஷினை நிறுத்துவதை அவர் விடமாட்டார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான்.

முதல் பத்து நாள்: எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள்

ஐந்து எண்கள் வேண்டும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஆகும் நேரம். மாலை மூன்று மணிக்கு லைனுக்குள் (வரிசையாகப் போட்ட மெஷின்களுக்குள்) தைத்து முடிக்காமல் கிடக்கும் பீஸ். நூறு பீஸுக்கு எத்தனை ஆல்ட்ரேஷன், எந்தக் குறையால். தினமும் எத்தனை பேர் லீவு. ஒவ்வொரு டெய்லரும் கடந்த மூன்று மாதத்தில் ஒரு நாளுக்கு வாங்கிய சராசரிக் கூலி.

கடைசி எண்ணை எல்லோரும் விட்டுவிடுவார்கள். பின்னால் சண்டை வருவது அதில்தான்.

நேரம் எடுக்க செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். ஒரு ஆபரேஷனுக்குப் பத்துப் பீஸ், காலையில் ஐந்து, மதியம் ஐந்து. சராசரியோடு 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். நூல் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, பண்டல் அவிழ்ப்பது எல்லாம் அதில் அடங்கும். வாட்ச்சோடு பக்கத்தில் போய் நின்றதும் டெய்லரின் கை மெதுவாகும். ரேட்டைக் குறைக்க வருகிறார்கள் என்று நினைப்பார். முன் அனுபவம் அப்படி. எதற்காக அளக்கிறோம் என்று முன்னாலேயே சொல்லி, எழுதிய தாளை அவரிடமே காட்டிவிட்டுப் போனால் இரண்டாம் நாள் சரியான நேரம் கிடைக்கும்.

ரவுண்ட் நெக் டீ-ஷர்ட் ஒன்றுக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓவர்லாக்கில் தோள் 0.40 நிமிடம், கழுத்து ரிப் (கழுத்தில் வரும் இழுபடும் பட்டி) ஏற்றுவது 0.50, கை ஏற்றுவது 0.80, சைடு அடிப்பது 0.90. பிளாட்லாக்கில் (மடிப்பு அடிக்கும் மெஷின்) கை மடிப்பு 0.45, அடி மடிப்பு 0.50. சிங்கரில் ரிப் மூட்டுவது 0.25, பின்கழுத்து டேப் 0.45, டேப் மேல்தையல் 0.50, லேபிள் 0.25. மொத்தம் 5 நிமிடம். உங்கள் மெஷினிலும் உங்கள் துணியிலும் இது வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

எட்டுப் பேர் ஏன், எந்த மெஷின் எத்தனை

ஆறுக்குக் கீழே போனால் ஒருவர் லீவு போட்டதும் குழு படுத்துவிடும். பத்துக்கு மேலே போனால் குழுவுக்குள் இரண்டு கட்சி உருவாகும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஏழு அல்லது எட்டு சரியான அளவு.

எட்டுப் பேர், 480 நிமிட ஷிப்ட்: 3,840 நிமிடம். பீஸுக்கு 5 நிமிடம் என்றால் நூறு சதவீதத்தில் 768 பீஸ். இது காகிதக் கணக்கு. முதல் மூன்று மாதத்துக்கு 55 முதல் 60 சதவீதம் வந்தாலே நல்ல குழு.

இப்போது மெஷின். ஓவர்லாக் வேலை மொத்தம் 2.60 நிமிடம், பிளாட்லாக் 0.95, சிங்கர் 1.45. நான்கு ஓவர்லாக், இரண்டு பிளாட்லாக், இரண்டு சிங்கர் என்று போட்டால் ஆளுக்கு முறையே 0.65, 0.475, 0.725 நிமிடம் விழுகிறது. சிங்கர்தான் கழுத்தைப் பிடிக்கிறது: 480-ஐ 0.725-ஆல் வகுத்தால் 662. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்தும் 768-ஐ எட்டவே முடியாது. பிளாட்லாக்காரர்கள் இருவரும் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் சும்மா இருப்பார்கள்.

ஆளைச் சேர்க்காதீர்கள். சும்மா கிடக்கும் சிங்கர் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து பிளாட்லாக் பக்கத்தில் போடுங்கள். பிளாட்லாக் டெய்லர் ஒருவருக்கு டேப் அடிக்கவும் லேபிள் வைக்கவும் தெரிந்தால் போதும். பிளாட்லாக், சிங்கர் இரண்டும் சேர்ந்து 2.40 நிமிடத்தை நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 0.60. இனி எல்லை ஓவர்லாக்கின் 0.65, அதாவது 738 பீஸ். அறுபது சதவீத வேகத்தில் பார்த்தால் 397 பீஸ் 443 ஆகிறது. ஒரு உபரி மெஷினும் இரண்டு ஆபரேஷன் பயிற்சியும் தினம் 46 பீஸ் கொடுக்கின்றன. குழு முறையின் லாபம் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது. ஆள் எண்ணிக்கையைவிட மெஷின் எண்ணிக்கை இரண்டு மூன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை முதலாளிகள் ஒத்துக்கொள்ளத்தான் நாளாகும். காலியாகக் கிடக்கும் மெஷின் அவர்கள் கண்ணை உறுத்தும்.

மெஷின்களை ப வடிவில் போடுவது

எட்டுப் பேரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும்படி, ப வடிவில். வெட்டின துணி உள்ளே வரும் வாயும், முடிந்த பீஸ் வெளியே போகும் வாயும் ஒரே பக்கம். இரண்டு மெஷினுக்கு நடுவே பண்டல் கட்டி வைக்க இடமே இருக்கக்கூடாது; ஒரு சரிவுப் பலகை, அதில் அதிகபட்சம் ஐந்து பீஸ். பலகையில் ஐந்து கோடு போட்டுவிடுங்கள். ஐந்தும் நிரம்பிவிட்டால் முன்னால் இருப்பவர் தைப்பதை நிறுத்திவிட்டு அடுத்தவருக்குக் கை கொடுக்கப் போக வேண்டும்.

இந்த ஐந்து பீஸ் விதியைத் தளர்த்தாதீர்கள். கட்டுக் கட்டாகத் தைக்கும் பழைய பண்டல் முறையில் லைனுக்குள் 400 பீஸ் கிடந்து, நாளுக்கு 400 பீஸ் வெளியே போனால், காலையில் தோளில் விழுந்த குறை மறுநாள் காலையில்தான் செக்கிங்கில் தெரியும். அதற்குள் 400 பீஸும் அதே குறையோடு தைத்தாகிவிடும். குழுவுக்குள் 45 பீஸ் மட்டும் இருந்தால், நாளுக்கு 440 என்ற வேகத்தில், ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும்.

ஜப்பானில் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த அய்சின் செய்கி 1978-ல் தையலுக்கென்று உருவாக்கிய முறையில் எல்லோரும் நின்றுகொண்டே தைப்பார்கள். பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாக நகர்வார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முதல் குழுவிலேயே அதை முயல வேண்டாம். நின்று தைக்க டேபிள் உயரம், பெடல், கீழே விரிக்கும் மேட் எல்லாம் மாற வேண்டும். இருபது வருடம் உட்கார்ந்து தைத்த இடுப்புக்கும் முட்டிக்கும் அது தண்டனை. உட்கார்ந்தபடியே ஆரம்பியுங்கள். சுழல் நாற்காலி இருந்தால் பக்கத்து மெஷினுக்குத் திரும்புவது எளிது.

ஆள் சேர்ப்பதும் முன்னறிவிப்பும்

கூலி கணக்கிடும் முறையை மாற்றுவது சட்டப்படி வேலை நிபந்தனையை மாற்றுவது. 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தொழிற்சங்கம் இருந்தால் அவர்களோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. குழு முறையைச் சங்கம் எதிர்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் அவர்களிடம் கடைசியாகச் சொன்னதுதான். எந்த முறையில் கொடுத்தாலும் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. ஷிப்டுக்கு மேல் ஓடினால் ஓவர்டைம் இரட்டிப்பு. குழு இலக்கை முடிக்கவில்லை என்று சொல்லி, கணக்கில் வராமல் கூடுதலாக அரைமணி உட்கார வைப்பதைத் தொடங்கிவிட்டால் முறை அங்கேயே முடிந்தது.

முதல் குழுவுக்கு விருப்பப்பட்டு வருகிறவர்களை மட்டும் எடுங்கள். எல்லோரும் கெட்டிக்காரர்களாக இருக்கும்படி பொறுக்காதீர்கள். கலிபோர்னியாவின் நாப்பாவில் கோரெட் என்ற பெண்கள் ஆடை ஆலை 1990-களின் நடுவில் தனிநபர் பீஸ் ரேட்டிலிருந்து குழு பீஸ் ரேட்டுக்கு மாறியது. அந்த ஆலையின் கணக்குகளை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதம் ஏறியதாகக் கண்டார்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று: சராசரித் திறமை சமமாக இருந்தபோது, கெட்டிக்காரரும் சுமாரானவரும் கலந்த குழுக்கள்தான் நன்றாக ஓடின. வேகமானவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுக்க முடிகிற இடம் அது. எட்டில் இரண்டு பேர் கெட்டி, நான்கு பேர் நடுத்தரம், இரண்டு பேர் கற்றுக்கொள்கிறவர் என்று வைத்தால் சரியாக வரும்.

ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள் இருக்கும் ஹாலில் மொழிவாரியாகக் குழு பிரிப்பதுதான் சுலபம். அந்தச் சுலபத்துக்குப் போகாதீர்கள். கொஞ்ச நாளில் 'அவங்க டீம், நம்ம டீம்' என்று ஆகி, மெஷின் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்கூடச் சண்டை வரும். கலந்து போட்டு, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரையாவது குழுவில் வையுங்கள். குறைகளை எழுத்தில் விளக்க வேண்டாம். நல்ல பீஸ், கெட்ட பீஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் மொழி தேவையில்லை.

கூலி: இங்கே தவறினால் மற்றது எதுவும் நிற்காது

லீவைஸ் நிறுவனம் 1992-ல் தன் அமெரிக்க ஆலைகளில் தனிநபர் பீஸ் ரேட்டை எடுத்துவிட்டுக் குழு முறையைக் கொண்டுவந்தது. வேகமாகத் தைத்துப் பழகியவர்களின் வருமானம் இறங்கியது. மெதுவாகத் தைப்பவர்கள் மேல், லீவு போட்டவர்கள் மேல், உடம்பு முடியாதவர்கள் மேல் மற்றவர்களின் கோபம் திரும்பியது. கூட வேலை செய்தவர்களே ஒருவரையொருவர் விரட்டினார்கள். கூலிக் கணக்கு கெட்டிக்காரரைத் தண்டித்து, லீவு போட்டவரைக் குற்றவாளியாக்கினால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். அதைத் தடுக்க நான்கு விதிகள்.

ஒன்று: முதல் எட்டு வாரம் ஒவ்வொருவருக்கும் அவரவருடைய பழைய மூன்று மாதச் சராசரி உறுதி. குழு எவ்வளவு குறைவாகத் தைத்தாலும் அது குறையாது. எழுதிக் கொடுங்கள், தமிழிலும் அவர்கள் மொழியிலும்.

இரண்டு: திறமைக்கான வித்தியாசம் தினக் கூலியில், குழுப் பணம் (அடிப்படை எண்ணுக்கு மேல் தைத்ததற்கு வரும் போனஸ்) எல்லோருக்கும் சமம். ஒரு ஆபரேஷன் மட்டும் தெரிந்தவர், மூன்று தெரிந்தவர், ஐந்துக்கு மேல் தெரிந்தவர் என மூன்று படி. படி ஏறினால் தினக் கூலி ஏறும். குழுப் பணத்தையும் திறமை பார்த்துப் பிரித்தால் தினமும் சாயங்காலம் பஞ்சாயத்துதான்.

மூன்று: எண்ணுவது செக்கிங்கில் முதல் தடவையிலேயே தேறிய பீஸை மட்டும். ஆல்ட்ரேஷன் ஆகித் திரும்பி வந்து தேறியது கணக்கில் வராது. தரத்துக்கென்று தனி அபராதம் தேவைப்படாது.

நான்கு: ஆள் குறைந்தால், குழுப் பணம் தொடங்கும் அடிப்படை எண்ணும் அதே விகிதத்தில் குறைய வேண்டும்.

கணக்கு இப்படி. முப்பது டெய்லர் லைன் இதே டீ-ஷர்ட்டில் நாளுக்குச் சராசரி 1,310 பீஸ் தந்திருந்தால் தலைக்கு 43.7, எட்டுப் பேருக்குச் சுமார் 350. அதுவே அடிப்படை. அதற்கு மேல் தேறும் ஒவ்வொரு பீஸுக்கும் 6 ரூபாய் குழுவுக்கு என்று வைத்தால், 430 தேறிய நாளில் 80 பீஸ், 480 ரூபாய், ஆளுக்கு 60. ஒருவர் லீவு என்றால் அடிப்படை 306; ஏழு பேர் சேர்ந்து 370 தேற்றினாலும் பணம் உண்டு. லீவு போட்டவரை மறுநாள் யாரும் முறைக்க மாட்டார்கள்.

ஸ்டைல் மாறினால் பீஸாகப் பேசாதீர்கள், நிமிடமாகப் பேசுங்கள். 350 பீஸ், 5 நிமிடம் என்றால் 1,750 நிமிடம். அடுத்து வருவது 12 நிமிடப் போலோ என்றால் அடிப்படை 146. இந்தக் கணக்கை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் பூட்டி வைக்காமல் குழுவில் ஒருவருக்காவது போடத் தெரிந்திருக்க வேண்டும். தானே போட்டுப் பார்க்க முடியாத போனஸை யாரும் நம்புவதில்லை. குழு நன்றாகத் தைக்கத் தொடங்கியதும் அடிப்படையை உயர்த்தும் ஆசை வரும். ஒரு வருடத்துக்குத் தொடமாட்டோம் என்று முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களிடமிருந்தே உங்களைக் காப்பாற்றிக்கொள்ள.

டெய்லர்களுக்குக் கூடமாட உதவும் கைமடி ஆட்களை மறந்துவிடுவது வழக்கம். இரண்டு குழுவுக்கு ஒரு கைமடி போதும். பிசிறு கத்தரிப்பதை டெய்லரே பீஸ் கையில் இருக்கும்போது செய்துவிடுவார். அந்தக் கைமடிக்கு இரு குழுக்களின் சராசரிப் பணத்தைக் கம்பெனி தனியாகக் கொடுக்கட்டும், குழுப் பணத்திலிருந்து எடுக்க வேண்டாம். செக்கிங் ஆளுக்கு மட்டும் குழுப் பணத்தில் பங்கு கூடாது. கொடுத்தால் குறை கண்ணில் படாது.

யார் எதை முடிவு செய்யலாம்: பட்டியல்

'உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறோம்' என்று கூட்டம் போட்டுச் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

யாரையும் கேட்காமல் குழுவே செய்யலாம்:
- ஒரே குறை தொடர்ந்து மூன்று பீஸில் வந்தால் தைப்பதை நிறுத்துவது
- அளவு பிசகிய, ஷேடு மாறிய கட்டிங் பண்டலைத் திருப்பி அனுப்புவது
- யார் எந்த மெஷினில் என்பதை மாற்றிக்கொள்வது
- மெக்கானிக்கை நேரடியாகக் கூப்பிடுவது
- லீவு முறையைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது
- ஊசி, நூல், பாபின் போன்றவற்றை ஸ்டோரில் நேராக வாங்குவது

சூப்பர்வைசரோடு பேசிச் செய்ய வேண்டியது: ஆபரேஷன் வரிசையை மாற்றுவது, மெஷினை இடம் மாற்றுவது, புது ஆளைச் சேர்ப்பது. குழு தொடக்கூடாதது: பையர் (ஆர்டர் தந்தவர்) கொடுத்த அளவு, தையல் வகை, துணை பொருள்கள். ஊசி விஷயத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. உடைந்த ஊசியின் எல்லாத் துண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் புது ஊசி. துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் உள்ள பீஸ் முழுவதையும் உலோகத்தைக் காட்டும் டிடெக்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். குழந்தை உடுப்பில் ஊசித் துண்டு போனால் ஆர்டரே போய்விடும்.

பட்டியலில் கனமானது முதல் வரிதான். டொயோட்டா ஆலைகளில் தொழிலாளியின் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும். சந்தேகம் வந்தால் அவர் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த இடத்துக்குள் சரியானால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகாவிட்டால் நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஃப்ரீமாண்ட் ஆலையை டொயோட்டாவோடு சேர்ந்து 1984-ல் திறந்தபோது, பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே எடுத்தார்கள். 'இவர்களை வைத்து ஒன்றும் ஆகாது' என்று பேர் வாங்கிய அதே ஆட்கள், அதே கயிற்றைக் கையில் கொடுத்ததும் நல்ல கார் செய்தார்கள்.

ஹாலில் இது எப்படி நடக்கும்? டேப் அடிக்கிறவர் பீஸை எடுத்துப் பார்க்கிறார். ரிப் அலை அலையாக நிற்கிறது. பக்கத்துப் பீஸும் அப்படியே. "ஏக்கா, இந்த மூணு பீஸுலயும் கழுத்து நிக்கமாட்டேங்குது, பாருங்க" என்று ரிப் ஏற்றுகிறவரிடம் நீட்டுகிறார். அவர் தன் பண்டலிலிருந்து ஒரு ரிப்பை எடுத்துப் பழைய ரிப்பின் மேல் வைக்கிறார். ஒரு விரல் அகலம் நீளமாக இருக்கிறது. தைப்பதை நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போடுகிறார்கள். கட்டிங் மாஸ்டர் வருகிறார். துணி ரோலை விரித்து ஆறப்போடாமல் வெட்டியிருக்கிறார்கள், அதனால் அந்த லாட் அளவு ஓடிவிட்டது. பதினைந்து நிமிடம் போயிற்று. பண்டல் முறையில் இதே விஷயம் மறுநாள் செக்கிங்கில் தெரிந்து, கழுத்துப் பிரித்துத் திரும்பத் தைக்க இரண்டு பேர் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் தடவை ஒருவர் நிறுத்தும்போது மேனேஜர் முகம் எப்படி இருக்கிறது என்பதை ஹால் முழுக்கப் பார்க்கும். அந்தப் பதினைந்து நிமிடம் எங்கே போயிற்று என்று கேட்டால் இரண்டாம் தடவை யாரும் நிறுத்தமாட்டார்கள். குறை வேறு இடத்திலிருந்து வந்திருந்தால், நின்ற நேரத்தை அன்றைய அடிப்படையிலிருந்து கழித்துவிடுங்கள்.

பையர் கணக்கையும் குழுவுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஏ.கியூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால் 3,000 பீஸ் ஷிப்மென்ட்டில் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய குறை ஏழு வரை இருந்தால் தேறும், எட்டு என்றால் மொத்த லாட்டும் திரும்பும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தன் கையில் தைத்த ஒரு பீஸ் இருக்கலாம் என்று தெரிந்தவர் தைக்கும் விதம் வேறு.

பல வேலை பழக்குவது

சுவரில் ஒரு கட்டம்: பக்கவாட்டில் எட்டுப் பெயர், மேலே பத்து ஆபரேஷன். தெரியாது, கூட ஆள் இருந்தால் செய்வார், தனியாகச் செய்வார், சொல்லிக்கொடுப்பார் என நான்கு நிலை. வட்டத்தில் கால் காலாக நிரப்புங்கள். மூன்று மாதத்தில் எட்ட வேண்டியது: ஒவ்வொரு ஆபரேஷனும் மூன்று பேருக்காவது தெரியணும், ஒவ்வொருவருக்கும் மூன்று ஆபரேஷனாவது தெரியணும்.

தினம் அரைமணி பயிற்சி, கூலியோடு. 480 நிமிடத்தில் 30 நிமிடம் என்றால் ஆறேகால் சதவீதம். 'வேலை குறைவான நாளில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் அந்த நாள் வரவே வராது. கை ஏற்றுவதும் சைடு அடிப்பதும் பழக நாளாகும். லேபிள், ரிப் மூட்டுவதிலிருந்து தொடங்குங்கள். கழிவுத் துணியில் பழகிவிட்டுத்தான் ஆர்டர் பீஸில் கை வைக்க வேண்டும்.

தினமும் ஏழு நிமிடம்

ஷிப்ட் தொடங்கும்போது, நின்றபடி, மெஷின் பக்கத்திலேயே. நேற்று எத்தனை தேறியது, எது நம்மை நிறுத்தியது, இன்று யார் எங்கே. ஏழு நிமிடத்தைத் தாண்டினால் வெட்டிவிடுங்கள். மேனேஜர் வாரம் ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது; வந்தாலும் கடைசியில்தான் வாய் திறக்கணும். பலகையில் மணிக்கு மணி தேறிய எண்ணைக் குழுவே எழுதும். பக்கத்தில் 'ஏன் குறைந்தது' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் எழுதியதற்கு இரண்டு நாளில் பதில் வரவில்லை என்றால் மூன்றாம் நாளிலிருந்து அது காலியாகவே இருக்கும்.

குழுத் தலைவரைக் குழுவே தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு மாதத்துக்கு ஒருவர். முதல் சுற்றில் பெரும்பாலும் சத்தமாகப் பேசுகிற ஆண் ஒருவர் வந்துவிடுவார். டெய்லர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் ஹாலில் அப்படியே தொடர்ந்தால் சூப்பர்வைசருக்கு வேறு பெயர் வைத்ததுதான் மிச்சம். எட்டுப் பேரும் சுற்றில் ஒரு முறை வர வேண்டும் என்று விதியாகவே வைத்துவிடுங்கள்.

சூப்பர்வைசரை என்ன செய்வது

இந்த மாற்றத்தில் எதையாவது இழப்பவர் அவர் ஒருவர்தான். அவருடைய அதிகாரம் முழுக்க 'யார் எந்த மெஷினில்' என்பதில் இருந்தது. அதைப் பட்டியல் போட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டீர்கள். அவர் வெளிப்படையாக எதிர்க்கமாட்டார். லேபிள் வருவதை அரைமணி தாமதமாக்குவார், அவ்வளவுதான். குழு தானாக விழும்.

ஆரம்பத்திலேயே தனியாக உட்கார வைத்து, வேலை போகாது, சம்பளம் குறையாது என்று சொல்லுங்கள். பிறகு வேலையை மாற்றிக் கொடுங்கள்: மூன்று குழுக்களுக்குச் சரக்கு முன்கூட்டியே வருவது, பயிற்சிக் கட்டம் நிரம்புவது, 'ஏன் குறைந்தது' பத்திக்குப் பதில் தருவது. அவருடைய இன்சென்டிவையும் பீஸ் எண்ணிக்கையிலிருந்து எடுத்து, கட்டத்தில் நிரம்பிய வட்டங்களுக்கும் ஆல்ட்ரேஷன் சதவீதத்துக்கும் மாற்றுங்கள். பழைய இன்சென்டிவோடு புது வேலை செய்யச் சொல்வது நடக்காத காரியம்.

எந்த வாரம் என்ன எதிர்பார்க்கலாம்

முதல் குழுவுக்கு ஒரே ஸ்டைல் மூன்று வாரமாவது ஓடக்கூடிய ஆர்டரைக் கொடுங்கள். பத்து கலர், ஆறு பேனல் வைத்த ஃபேஷன் பீஸில் ஆரம்பித்தால் எது முறையின் கோளாறு, எது ஸ்டைலின் கோளாறு என்று பிரித்துச் சொல்லவே முடியாது. அவசர ஷிப்மென்ட்டும் வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று வாரம் உற்பத்தி விழும், பழைய அளவைவிடக் கணிசமாகவே. ஐந்து பீஸ் விதி எல்லோருக்கும் எரிச்சலாக இருக்கும். நான்காவது வாரத்தில் ஆல்ட்ரேஷன் முதலில் இறங்கும். எண்ணிக்கை அதற்குப் பிறகுதான் ஏறும். இந்த வரிசை தலைகீழாக இருந்தால், எண்ணிக்கை முதலில் ஏறி, தேறிய பீஸிலும் குறை இருந்தால், செக்கிங்கில் போய்ப் பாருங்கள்; யாரோ கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடுகிறார்கள்.

ஆறாவது வாரம் வாக்கில் ஒரு முதல் சண்டை வரும். மெதுவான ஒருவரை மாற்றச் சொல்வார்கள். உடனே மாற்றாதீர்கள். பயிற்சிக் கட்டத்தைப் பார்த்து, அவருக்கு எந்த ஆபரேஷன் கை வருகிறது என்று தேடி அங்கே உட்கார வைத்து இரண்டு வாரம் பாருங்கள். கர்ப்பிணி, வயதானவர், உடம்பு சரியில்லாமல் திரும்பி வந்தவர் ஆகியோருக்கு குறிப்பிட்ட காலத்துக்கு அடிப்படை எண்ணில் தளர்வு என்று எழுதி வைத்துவிட்டால் அவர்களைச் சுமையாக யாரும் பார்க்கமாட்டார்கள்.

பன்னிரண்டாவது வாரம் உட்கார்ந்து முதல் பத்து நாள் எடுத்த அதே ஐந்து எண்களை எடுங்கள். ஆல்ட்ரேஷன் பாதியாவது குறைந்து, தலைக்கு உற்பத்தி பழைய அளவைத் தாண்டி, எட்டுப் பேரில் யாருடைய கூலியும் பழைய சராசரிக்குக் கீழே போகாமல் இருந்தால் இரண்டாவது குழுவைத் தொடங்கலாம். மூன்றில் ஒன்று வரவில்லை என்றாலும் இன்னும் ஒரு மாதம் இந்த ஒரே குழுவை வைத்துத்தான் திருத்த வேண்டும்.

இரண்டாவது குழுவுக்காக முதல் குழுவை உடைத்து ஆள் எடுப்பது பலரும் செய்யும் தவறு. சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருவரை மட்டும் பதினைந்து வேலை நாளுக்கு அனுப்புங்கள். அவர் இல்லாத நாட்களுக்கு முதல் குழுவின் அடிப்படை 306. அவருக்கு அந்த நாட்களில் முதல் குழு வாங்கும் அதே பணத்தைக் கம்பெனி தனியாகக் கொடுக்க வேண்டும். பதினாறாவது நாள் அவர் தன் மெஷினுக்குத் திரும்பி வந்துவிடுவார்.